பதினைந்தாம் அடுக்கு

ஹுவாய்லிங் நகரத்துக் கோபுரத்தின் உச்சி அடுக்கை இடித்து இறக்கிய மறுநாள் காலை, அதற்கு முன்பு இருந்த அதே பதின்மூன்று அடுக்குகளும் இருந்தன. அன்று சந்தையில் பன்றி இறைச்சி விலை ஏறியிருந்ததால் ஊர்ப்பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இருந்தது.

சக்கரவர்த்தியின் ஆட்சி முடிந்து, துப்பாக்கி வைத்திருந்தவனெல்லாம் ராஜா என்று ஆகிப்போன காலம் அது. ஹுவாய்லிங்குக்கு வாய்த்தவர் தளபதி கோங். கால்வாய்க் கரையில் மாளிகை கட்ட ஆரம்பித்தார்; பாதியில் செங்கல் தீர்ந்தது, புதுச் செங்கல் சுட்டு ஆறும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சுட்டு அடுக்கிய செங்கல் ஊர் நடுவே சும்மா நிற்கிறதே என்று கோபுரத்தைக் கைகாட்டினார். முதலில் அது மரக்கோபுரம். இடி விழுந்து எரிந்தபின் பிக்குகள் வீடுவீடாகப் போய்ப் பிச்சையெடுத்துச் செங்கல்லில் எழுப்பினார்கள். மரத்தை மறக்க மனம் வராத கொத்தர்கள் உத்தரம், தாங்குகட்டை, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் செங்கல்லிலேயே செதுக்கி வைத்தார்கள். எட்டுப் பக்கம், இறவாரம் தோறும் வெண்கல மணி. பக்கங்கள் இரட்டைப்படை, அடுக்குகள் ஒற்றைப்படை. இரட்டைப்படை அடுக்கில் ஒரு புத்த கோபுரம் நிற்பது ஹுவாய்லிங்காரர்களுக்கு, செத்தவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் போன்ற விஷயம்.

இடிக்கிற வேலையை ஏற்ற கொத்தனார் பெங் இதைத்தான் தளபதியிடம் சொல்லிப் பார்த்தார். பதின்மூன்றில் விடுங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் இரண்டை இறக்கிப் பதினொன்றாக்க ஆள் கொடுங்கள், பன்னிரண்டோடு பொழுது சாய விடாதீர்கள் என்றார். எல்லா அடுக்கையும்தான் இடிக்கப்போகிறோம், இதில் ஒற்றை என்ன இரட்டை என்ன என்று தளபதி சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் விலை கொடுக்க வேண்டி வந்தது.

கோபுரத்தடியில் சோயாப்பாலை உறையவைத்து டோஃபு விற்கும் சியூயுன் மட்டும் அன்று சிரிக்கவும் இல்லை, இறைச்சி விலை பேசவும் இல்லை. உச்சி அடுக்கில் அவள் மகள் லியன்சியின் செங்கல் இருந்தது. சில வருஷம் முன்பு புயலில் உச்சி சரிந்தபோது வீட்டுக்கொரு செங்கல் என்று ஊர் சேர்ந்து பழுதுபார்த்தது. ஈரக் களிமண்ணில் அவரவர் பெயரை விரலால் எழுதிச் சூளைக்கு அனுப்பினார்கள். ஆறு வயது லியன்சி தன் பெயரைத் தானே எழுதினாள். கடைசிக் கோடு பாக்கியிருக்கும்போது தெருவில் குரங்காட்டி வந்தான், விட்டுவிட்டு ஓடிவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. படம் கிடையாது, உடுப்புகளை நோய்க்குப் பயந்து எரித்தாகிவிட்டது. அவள் விரல் பட்ட தடம் என்று உலகத்தில் மிஞ்சியது அந்தச் செங்கல் ஒன்றுதான். அது இறக்கிய கையோடு தளபதியின் குதிரை லாயத்துச் சுவரில் ஏறி, சாணி நாற்றத்துக்கு நடுவே இருந்தது.

மறுநாள் முளைத்த அடுக்குக்குச் செங்கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தளபதி மாளிகையின் வரவேற்பறைச் சுவர் காணாமல் போயிருந்தது. அவர் பெங்கின் ஆட்களைத் திருடர்கள் என்று கட்டி வைத்து அடித்தார். மறுபடி இடிக்கச் சொன்னார். இரண்டு அடுக்கை இடித்தால் மாளிகையில் இரண்டு அறை குறைந்தது. காவல் போட்டார், மணிச்சத்தம் கேட்டது, வேறொன்றும் பார்க்கவில்லை என்றார்கள் காவலர்கள். கடைசியில் பீரங்கி கொண்டுவந்து சுட்டார். குண்டு ஏழாம் அடுக்கின் இறவாரத்தில் போய்த் தொங்கி, நாக்கு விழுந்துபோயிருந்த ஒரு மணிக்கு நாக்காயிற்று. அதன் ஓசை மற்ற மணிகளைவிடக் கொஞ்சம் கட்டை.

பீரங்கி சுட்டதில் கோபுரத்துக்கும் ரோஷம் வந்திருக்க வேண்டும். யாரும் தொடாமலே வளர ஆரம்பித்தது. மாளிகையின் மிச்சச் சுவர்களும் சமையற்கட்டும் போயின. கோபுரத்துக்குப் பதினான்கு அடுக்கு ஆயிற்று. அதோடு நின்றுவிட்டது. தளபதியிடம் லாயம் ஒன்றுதான் பாக்கி. அதைக் காக்க அவர் கட்டிலை அங்கேயே போட்டுப் படுத்துக்கொண்டார்.

பதினான்கு அடுக்கோடு ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாவு பொங்கவில்லை. மணப்பெண்களின் பல்லக்குகள் நகரவாசலிலேயே நின்றன. சியூயுனின் டோஃபு உறையாமல் தண்ணீராகவே இருந்தது. தளபதியும் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்தானே. நிமிர்ந்தால் இரட்டைப்படை கண்ணில் பட்டது, சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை.

ஒரு காலையில் சியூயுன் கையில் உளியோடு லாயத்துக்குப் போனாள். பின்னால் பெங்கும் ஊரில் பாதிப்பேரும். வாசலில் சிப்பாய்கள் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தார்கள். அவர்களும் பல நாளாய்ச் சரியாகச் சாப்பிடாதவர்கள், பிடி தளர்ந்தே இருந்தது. கட்டிலில் கிடந்த தளபதி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கெஞ்ச வந்தியா?"

"கெஞ்சுறதுக்கு இங்க என்ன இருக்கு? எம் பொண்ண கூட்டிட்டுப் போக வந்தேன்."

"ஒத்தச் செங்கல்லுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்? புதுசா பத்து தரேன், எடுத்துட்டுப் போ."

"உங்கம்மாகிட்ட போயி, பத்துப் புள்ள தரேன், இந்தப் பயல குடுத்துருன்னு கேட்டுப் பாருங்க. உங்க லட்சணத்துக்கு ஒருவேள குடுத்தாலும் குடுப்பாங்க. நான் குடுக்க மாட்டேன்."

சிப்பாய்களில் ஒருவன் சிரித்துவிட்டான். தளபதி சுடச் சொன்னார், யாரும் சுடவில்லை. அவள் கட்டிலைத் தாண்டிப் போய்ச் சுவரில் உளியை வைத்தாள். முதல் தட்டு விழுந்ததும் தளபதி எழுந்து நின்றார். வெளியே கோபுரத்தைப் பார்த்தார், மனதுக்குள் அடுக்கை எண்ணினார், முகம் கோணியது. பிறகு தாமே ஒரு செங்கல்லை உருவி பெங்கின் கையில் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் லாயம் முழுக்கக் காலியாகிவிட்டது. குதிரைகள் வெயிலில் நின்றன. மறுநாள் கோபுரத்துக்குப் பதினைந்து அடுக்கு இருந்தது, ஊர் முழுக்க மாவு பொங்கியது. அடுத்த மாதம் தளபதி வேறொரு நகரத்துக்கு ராஜாவாகப் போய்விட்டார். அங்கே கூடாரத்தில்தான் இருந்தார் என்று கேள்வி.

லியன்சியின் செங்கல் உச்சிக்குப் போகவில்லை. லாயத்திலிருந்து அதை நெஞ்சோடு அணைத்து வந்த சியூயுன், கடைக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். விடிந்தபோது அது கோபுரத்தின் அடிச்சுவரில், அவள் அடுப்புக்கு நேராக, ஆறு வயதுப் பிள்ளை நிற்கிற உயரத்தில் இருந்தது. அவள் உட்கார்ந்து அழுதாள். பிறகு முதல் கிண்ணம் டோஃபுவில் இஞ்சிப்பாகு ஊற்றி அதன் முன் வைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அந்தச் செங்கல் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். நடுவில் ஒரு வருஷம் அவள் நெஞ்சளவிலிருந்து தோள்வரை ஒரேயடியாக ஏறிற்று. அந்த வயசுப் பெண்கள் அப்படித்தான் வளர்வார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சியூயுன் குறைபட்டுக்கொள்வாள்.

செங்கல் அவள் காதளவுக்கு வந்த வசந்தகாலத்தில், கல்யாணத் தரகுக்காரி ஒருத்தி புது உடுப்பில் வந்து, செங்கல்லை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினாள். கால்வாய்க்கு அக்கரையில் நல்ல இடம் இருக்கிறது, பையன் சாது என்றாள். சியூயுன் அகப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப என்ன அவசரம்? மொதல்ல பேர முழுசா எழுதட்டும்."

தரகுக்காரி அதுவும் நியாயம்தான் என்று ஒரு கிண்ணம் டோஃபு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.