குண்டூசி குத்திய பக்கங்கள்

அந்தப் புத்தகங்களின் மேல் சின்னப்பொண்ணுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். ஒன்பது வயதுப் பெண் சந்திரகலா தலையணைத் தடிமனில் நாவல் படிக்கிறாள் என்று ஊரே மெச்சட்டும், நம்புவதற்கு அவள் என்ன ஏமாளியா? அதுவும் நூலகத்தில் தன் பெயரிலேயே பெரியவர்கள் புத்தகம் எடுக்கும் டிக்கெட் வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தது யார்? பொன்னேரிக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் ஆதிநாராயணன். சந்திரகலாவின் தாய்மாமன், செத்துப்போன மூத்தாளின் அண்ணன்.

மணவாளனுக்கு இரண்டாம் தாரமாக வந்த நாளிலிருந்து சந்திரகலாவுக்குத் தலைவாரிப் பூவைத்து, காய்ச்சலில் கண்விழித்து வளர்ப்பவள் சின்னப்பொண்ணு. புத்தகத்தைக் காட்டியே அவளைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தாள்.

"அந்த மாமங்காரன் புஸ்தகத்துல இன்னாத்தையோ வச்சி அனுப்புறான்" என்று கணவனிடம் சொன்னாள்.

புதிதாக வந்த குட்டை நெல்லுக்கு உரம் கிடைக்கவில்லையே என்ற கவலை மணவாளனுக்கு. "உன்கு வேற வேல இல்ல? கொயந்த படிச்சிகினு கீது, உடேன்" என்று துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான்.

ஆகவே சோதனை அவள் பொறுப்பாயிற்று. பெண் பள்ளிக்கூடம் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து, தனக்கிருந்த அஞ்சாம் கிளாஸ் படிப்பை வைத்து எழுத்துக்கூட்டிப் பார்ப்பாள். பெயர்தான் சோதனை. கதை சூடுபிடித்துவிட்டால் சோறு குழைந்து கஞ்சியானதுகூடத் தெரியாது. அதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு நாள் வசமாகச் சிக்கியது. நடுவில் சில பக்கங்களைச் சேர்த்து யாரோ குண்டூசி குத்தியிருந்தார்கள். அவசரமாகப் பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே ஒரு சித்தி. மூத்தாள் குழந்தையைப் பட்டினி போடுகிறாள், கரண்டியைக் காய்ச்சிக் கையில் சூடு வைக்கிறாள். அந்தக் குழந்தை தாய்மாமன் வீட்டுக்கே ஓடிப்போகிறது.

சின்னப்பொண்ணு புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். இந்த இடத்தைப் படி, படித்துவிட்டு நீயும் வந்துவிடு என்று அடையாளம் வைத்திருக்கிறான் பாவி! நூலகக்காரனும் இதற்கு உடந்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்ணை அப்படியே இழுத்துக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறினாள்.

நூலகர் ராமபத்ரன் திருவள்ளூர்க் கோயில் குடும்பத்துப் பிள்ளை, நெற்றி நிறைய நாமம். அவர் மேஜைமேல் புத்தகத்தைப் போட்டாள்.

"இன்னா சாமி இது? எங்க ஊட்டுப் பொண்ணுக்கு இன்னா பாடம் சொல்லிக் குடுத்துகினு கீறீங்க? ஊசி குத்தி அனுப்பச் சொன்னது அந்தக் கடைக்காரருதான?"

அவர் மலங்க மலங்க விழித்தார். "கோவிச்சுக்காதீங்கோம்மா. சிறுவர் அலமாரியை இந்தக் குழந்தை போன வருஷமே முடிச்சுட்டா. பெரியவா புஸ்தகத்துல எதைத் தரலாம்னு ரயில்ல வரச்சே நானே ஒவ்வொண்ணாப் படிச்சுப் பார்த்துத்தான் தரேன். இதையும் வேண்டாம்னேன், இவதான் கேக்கலை. அவ மாமா டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோட சரி, அப்பறம் இந்தப் பக்கமே வரலை. குண்டூசி நான் குத்தலைம்மா."

"பின்ன பேயா குத்திச்சி?"

"நான்தான் குத்துனேன்" என்றாள் சந்திரகலா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீயா? எதுக்குடி?"

"நான் ஸ்கூலுக்குப் போனப்பறம் நீ எட்த்துப் படிக்கிற இல்ல? அதுல வர்ற சித்தி ரொம்ப கெட்டவ. படிச்சா உன்கு அயுக வரும். அதான் அந்தப் பக்கத்த மட்டும் மூடி வச்சேன்."

சின்னப்பொண்ணுக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் தான் இந்தப் பெண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தால், இவள் தன் சித்திக்கு எது ஆகும், எது ஆகாது என்று பார்த்துப் பார்த்துப் படிக்கக் கொடுத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்நிய ஆம்பிளை முன்னால் என்றும் பாராமல் அழுதாள்.

ராமபத்ரன் சங்கடத்துடன் அலமாரிப் பக்கம் திரும்பினார். சந்திரகலா அவர் பின்னாலேயே போனாள்.

"சார், இந்தவாட்டி நல்லதாப் பார்த்துக் குடுங்க. எங்க ஊட்ல ரெண்டு பேரு படிக்கிறோம்."