அக்காவுக்கு எழுபது, தம்பிக்கு நாற்பது

எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் அமுதவள்ளி ஏறி நின்றபோது, அவளுடைய தம்பி குணாளன் கண்ணை மூடிக் கடவுளை வேண்டிக்கொண்டான். எடை அதிகமாகக் காட்டட்டும் என்று வேண்டிக்கொண்டான். கூடப் பிறந்தவளுக்கு இப்படியும் ஒருவன் வேண்டுவானா என்று கோபப்பட வேண்டாம். அவன் கெட்டவன் இல்லை, கோழை. அவ்வளவுதான்.

கடவுள் கைவிடவில்லை. எண்பத்தாறு என்று காட்டியது. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். இந்த எடையோடு அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது, எழுபதுக்குப் பக்கத்தில் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். நாற்பத்தொரு வயதிலேயே குணாளனின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வு கேட்டுக்கொண்டிருந்தன. இன்னும் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும், அதன் பிறகு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுக்க வேண்டும், அல்லது யாராவது ஒரு சிறுநீரகம் தர வேண்டும் என்றார்கள். மருத்துவர் வாயை மூடுவதற்குள் "நான் தரேன்" என்றாள் அமுதவள்ளி, காய்கறிப் பாசாரில் கத்தரிக்காய் எடுத்துக் கொடுப்பதைப் போல. பரிசோதனைகள் எல்லாம் பொருந்திவிட்டன. அவளுடைய எடை மட்டும்தான் குறுக்கே நின்றது.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர் ஒரு மலாய்க்காரப் பெண். சின்ன வயசு, நல்ல பொறுமை. அக்காவையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து எதிரெதிரான பத்தியம் சொன்னார். அக்கா சோற்றையும் சீனியையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், புரதத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்து போகும். அவள் அடைய வேண்டிய எடைக்கு, கிலோவுக்கு ஒரு கிராம் என்று ஒரு நாளைக்கு எழுபது கிராம். அதற்காக ஜிம்முக்குப் போகிற பையன்கள் மாதிரி மாவு கலக்கிக் குடிக்கக் கூடாது, நாளைக்கு ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழப்போகிறவள். தம்பிக்கோ நாற்பது கிராம்தான். களைத்துப் போன சிறுநீரகம் அதற்கு மேல் சுமக்காது.

"எழுபது கிராம் கோழின்னா ஒரு றெக்கைதானே வரும்?" என்றார் கூட வந்திருந்த அமுதவள்ளியின் கணவர் தம்புசாமி. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவிக்காக அவருக்கு மனசு வலித்தது.

அது கோழியின் எடை இல்லை, கோழிக்குள் இருக்கிற புரதத்தின் எடை என்று அந்தப் பெண் விளக்கினார். உள்ளங்கை அளவு கோழித் துண்டு ஒன்றில் இருபத்தைந்து கிராம் போல இருக்கும். தம்புசாமி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடம் லோரி ஸ்டியரிங் பிடித்த கை. திருப்தியாக இருந்தது.

வீடு இருக்கிற கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் அமுதவள்ளி முட்டைக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு, சோயா தெம்பேவுக்கு எவ்வளவு என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். குணாளன் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்து விட்டான். பல வாரங்களாக அவன் தூங்கவில்லை. நன்றாக இருக்கிற ஒருத்தியைப் படுக்கவைத்துக் கிழிப்பதா? அவள் எழுந்திருக்காமல் போனால் மாமா முகத்தில் எப்படி முழிப்பது? வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லி ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அவன் படித்த பள்ளி, பார்த்த வேலை, கட்டிய பெண் எல்லாமே அவள் முடிவு. அந்தப் பெண்ணோடு ஒத்துவராது, விட்டுவிடு என்று முடிவு செய்ததும் அவளேதான். ஆகவே தான் சொல்ல முடியாததை எடை இயந்திரம் சொல்லட்டும் என்று இருந்தான். இயந்திரத்துக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தால் போதும்.

மறுநாளே ஒத்தாசை ஆரம்பமானது. துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் வழியில் லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, பொட்டலத்தோடு அக்கா வீட்டு வாசலில் நின்றான். அவன் வீடு அடுத்த வரிசையில்தான்.

"இந்தாக்கா, வடை."

"வடையா? எண்ணெய் சொட்டுதேடா."

"உளுந்துக்கா! உளுந்து பூரா புரோட்டீன். நீ நாள் பூரா மீனும் முட்டையுமா தின்னா அலுத்துப் போயிடும்ல?"

அமுதவள்ளி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி, வச்சுட்டுப் போ" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு பையன் நிற்கவில்லை. மைசூர்பாகு கொண்டுபோனான், கடலை மாவு என்றான். பால்கோவா கொண்டுபோனான், பால் என்றான். தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக் வாங்கிப் போய், "நெத்திலி, முட்டை, கச்சான் கடலை, மூணு புரோட்டீன் ஒரே பொட்டலத்துல லா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஜாங்கிரியைக்கூட விடவில்லை. ஜாங்கிரி உளுந்தில் செய்வதுதானே? அதில் பொய் ஒன்றும் இல்லை. பாகைப் பற்றி அவன் பேசவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் இயந்திரத்தில் ஏறினாள். ஐந்து கிலோ குறைந்திருந்தது.

இயந்திரம் பழுதா என்று குணாளன் தானே ஏறிப் பார்த்தான். அவன் எடையைச் சரியாகத்தான் காட்டியது. உணவு ஆலோசகர் கைதட்டினார், இவனும் தட்ட வேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் "இன்னிக்கு ஒரு நாள் கொண்டாடலாம்க்கா" என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அவளையும் மாமாவையும் இழுத்துக்கொண்டு போனான். ஆட்டுக்கறி, நண்டு, பொரித்த கோழி, பாயாசம் என்று அவளுடைய இலையில் இடமே விடவில்லை. பணம் கட்டப் போய்த் திரும்பி வந்தபோது இலை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. வயிறு குளிர்ந்தது அவனுக்கு. தம்புசாமி மட்டும் ஏனோ நாற்காலியில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த தடவையும் எடை இறங்கியது. அதற்கடுத்த தடவையும். எழுபத்து மூன்று என்று வந்த அன்று மருத்துவர் நாட்காட்டியைப் புரட்ட ஆரம்பித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை குணாளன் கடைசி முயற்சியாக நெய் மணக்க ஒரு வாளி பிரியாணி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

வாசலில் தம்புசாமி கைலியோடு உட்கார்ந்திருந்தார். வாளியைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து, கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். உள்ள கொண்டாராத."

"என்ன மாமா?"

"எல்லாத்தையும் என் தலையிலதான் கட்டறா உங்கக்கா. தம்பி ஆசையா வாங்கியாந்தது, குப்பையில போட்டா பாவம்னு சொல்லிச் சொல்லியே திங்க வைக்கிறா. அன்னிக்கு அந்த இலையைக்கூட நான்தான் காலி பண்ணேன். ஒரு சிலுவார்கூட இடுப்புல ஏற மாட்டேங்குது. கிளினிக்ல என்னைப் பார்த்து, அங்கிள் நீங்க டயட்டுக்குப் போங்கன்றான். நான் யாருக்குக் கிட்னி குடுக்கப் போறேன், சொல்லு?"

குணாளன் அப்போதுதான் அவரை முழுதாகப் பார்த்தான். அக்கா இழந்த கிலோக்கள் எங்கும் போய்விடவில்லை. வீட்டுக்குள்ளேயேதான் இருந்தன.

பேச்சுச் சத்தம் கேட்டு அமுதவள்ளி வெளியே வந்தாள். கையில் தட்டு, தட்டில் அவித்த மீனும் கீரையும். வாளியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"இது என்னா புரோட்டீன்?"

குணாளன் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"வடையில புரோட்டீன் இருக்குன்னு சொன்ன அன்னிக்கே அந்த டயட் பொண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். இருக்கு ஆன்டி, ஆனா எண்ணெய் அதைவிட இருக்குன்னு சிரிக்குது. எங்கிட்டயே விளையாடறியா? ஏன்டா, நான் குடுக்கறது உனக்கு வேணாமா?"

"பயமா இருக்குக்கா" என்றான் குணாளன். "உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா? எனக்காக நீ போயிட்டா நான் எப்படிக்கா இருப்பேன்?"

தம்புசாமி கேட்டை விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அமுதவள்ளி தட்டைச் சுவர் மேல் வைத்தாள். வழக்கமாக உடனே திட்டுகிறவள் இன்றைக்குத் திட்டவில்லை.

"முதல் வாரம் நீ கொண்டாந்ததெல்லாம் நான்தான்டா தின்னேன்" என்றாள். "ஒரு வடைகூட இவருக்குக் குடுக்கல. எடை இறங்கலைன்னா டாக்டரே வேணாம்னுடுவாரு, நானா முடியாதுன்னு சொன்ன மாதிரி இருக்காதுன்னு நெனச்சேன். எனக்கு மட்டும் பயம் இருக்காதா? டாக்டர்கிட்ட சட்டுனு வார்த்தை வந்துடுச்சு. வீட்டுக்கு வந்ததும்தான் என்ன சொன்னோம்னே உறைச்சுது."

அக்காவுக்குப் பயம் உண்டு என்பது நாற்பத்தொரு வருடத்தில் குணாளன் கேள்விப்படாத செய்தி.

"அப்புறம் ஒருநாள் ஜாங்கிரி கொண்டாந்த பாரு, அன்னிக்கு இந்தப் படியேற மூச்சு வாங்கிக்கிட்டு நின்ன. மூணே மூணு படி. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணும் இல்லாத மாதிரி என்னைப் பார்த்துச் சிரிக்கிற. அதோட விட்டேன் எல்லாத்தையும்." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஆனா ஒண்ணு. நான் தரேன் தரேன்னு சொல்றேனே தவிர நீ இன்னைய வரைக்கும் கேக்கவே இல்ல. காலுக்குச் சப்பாத்து வேணும்னு கேட்ட, ஓட்டறதுக்கு மோட்டார் வேணும்னு அழுத. இதை மட்டும் கேக்காம, ஜாங்கிரி வாங்கிக் குடுத்து என்னை நிறுத்தப் பாக்கற. ஒரு தடவை வாயைத் தொறந்து கேளு. இல்ல, வேணாம்னாவது சொல்லு. எதுன்னாலும் உன் வாயால சொல்லு."

முதல் தடவையாக அக்கா முடிவை அவனிடம் விட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் வராது. அதற்காகத்தானே இத்தனை மாதம் பாடுபட்டான்? குணாளன் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"வேணும்க்கா" என்றான். "எனக்கு உசிரோட இருக்கணும் போல இருக்கு."

அமுதவள்ளி தலையை ஆட்டினாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. "அதானே. இன்னும் மூணு கிலோ இருக்கு. போ, எனக்கு நாலு முட்டை அவிச்சுக் கொண்டா. மஞ்சக் கருவை எடுத்துடு."

குணாளன் கேட்டைத் திறந்து உள்ளே போனான்.

"மாப்ள" என்று தெருவைப் பார்த்தபடியே தம்புசாமி குரல் கொடுத்தார். "அந்த மஞ்சக் கரு நாலையும் என்னா செய்யறதுன்னு இப்பவே முடிவு பண்ணிட்டு அவி."