சிறு இறக்கம்

இரண்டாகப் பிளந்த ஹெல்மெட் ஒன்று வரவேற்பு மேஜைக்கு வந்து சேர்ந்தபோது ரூட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். கொண்டுவந்த வாத்தியாருக்கு ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. மூக்கு நுனியில் பிளாஸ்திரி. முகத்தில் கோபமே இல்லை.

"நல்ல ரூட்டும்மா," என்றார் மேஜை அக்காவிடம். "ஆத்தோரம் அருமை. படகுத்துறைக்கு முன்னாடி 'சிறு இறக்கம்'னு போட்டிருக்கீங்களே, அதுல நான் கொஞ்சம் வேகமா இறங்கிட்டேன். சைக்கிள் என்னைவிட வேகமா இறங்கிடுச்சு. அது இன்னும் புதர்லதான் இருக்கு. ஆளனுப்பி எடுத்துக்கச் சொல்லுங்க."

அக்கா ரூட்டைப் பார்த்தாள். ரூட்டு டீயைப் பார்த்தான்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் கடற்கரை வரை சைக்கிளில் சுற்றுலா அனுப்பும் கம்பெனி அது. எங்கே இடது, எங்கே வலது, எங்கே ஏற்றம், எங்கே நல்ல நிழல் என்று வழிக்குறிப்பு எழுதுவது ரூட்டின் உத்தியோகம். அதனால் எல்லோருக்கும் அவன் ரூட்டு; பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் மலையடிவாரத்தில் தொடங்கி ஆற்றோடு இறங்கிக் கடலுக்கு வருவார்கள். எழுதுகிறவன் மட்டும் கடலில் தொடங்கி மேலே போவான். ஏனென்றால் கம்பெனி வேன் கடற்கரை ஊரில் நிற்கிறது. கடல்காற்றும் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். பெட்ரோலும் மிச்சம், முழங்காலும் மிச்சம். இதைக் கண்டுபிடித்த முதலாளி அன்று முழுக்கத் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டிருந்தார். எழுதி வந்த குறிப்பைக் கம்ப்யூட்டரில் போட்டு, இடதை வலதாக்கி, ஏற்றத்தை இறக்கமாக்கினால் முடிந்தது சோலி.

படகுத்துறையிலிருந்து குன்றின்மேல் ஏறும் அந்தப் பாதையில் ரூட்டு சைக்கிளை ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டு போனான். நாக்கு வெளியே வந்துவிட்டது. நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து, வேறு வேலை தேடுவது பற்றி நிதானமாக யோசித்தான். ஆனால் நாலு பேர் படிக்கப்போகிற குறிப்பில் 'தள்ளிக்கொண்டு போனேன்' என்று எழுத எந்த இளைஞனுக்குக் கை வரும்? 'சிறு ஏற்றம்' என்று எழுதினான். ஆபீஸ் அதை முறைப்படி திருப்பிப் போட்டது.

வாத்தியார் போனதும் அக்கா கேட்டாள். "நீ அதை ஓட்டிப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்க்கா."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

அக்கா கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு கருவி உண்டு. வண்டி இருக்கும் இடம் திரையில் புள்ளியாகத் தெரியும். பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி ஆற்றோடு நகர்ந்துகொண்டிருந்தது.

"அது யாரு?" என்றான், தெரிந்துகொண்டே.

"உங்கப்பாவும் அம்மாவும்டா. நீதானே டிக்கெட் போட்டே?"

அவன்தான் போட்டான். அப்பா ஓய்வு பெற்றதற்குப் பரிசு. ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள். முன்னால் அப்பா, பின்னால் அம்மா. அப்பா பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவர். அச்சில் வந்ததை மறுத்துப் பேசியே பழக்கமில்லை. மருந்து பாட்டிலில் 'நன்றாகக் குலுக்கவும்' என்றிருந்தால் தோள்பட்டை வலிக்கிறவரை குலுக்குவார். அப்படிப்பட்டவர் கையில் இப்போது பெற்ற பிள்ளையே எழுதி அச்சான குறிப்பு. 'சிறு இறக்கம்' என்று போட்டிருக்கிறதா, சிறு இறக்கம்தான்.

போன் அடித்தான். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். சைக்கிள் ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்று குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. எழுதியவன் ரூட்டு.

மெக்கானிக் அண்ணன் வேனை எடுத்தார். கடற்கரைச் சாலை வழியாகப் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து பாதையில் ஏறி, அவர்கள் இறங்குவதற்குள் மறித்துவிட வேண்டும். வேறு வழி கிடையாது.

"இரட்டைச் சைக்கிளே கனம்," என்றார் மெக்கானிக். "மேல ரெண்டு ஆள் வேற. செங்குத்துல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்தா சக்கரம் சூடாகும். சூடாச்சுன்னா..."

"சூடாச்சுன்னா?"

"விடு."

"சொல்லுங்கண்ணே."

"வண்டி ஓட்டுறேன்ல, பேச்சுக் குடுக்காதே."

அக்கா போனில் வந்தாள். கிரிக்கெட் வர்ணனை தோற்றது. "புள்ளி பாலத்துல நிக்குதுடா. நின்னுக்கிட்டே இருக்கு. போட்டோ எடுக்கிறாங்க போல."

"நல்லா எடுக்கட்டும்க்கா. ஆல்பமே போடட்டும்."

"ஐயோ, கிளம்பிடுச்சு. குன்று மேல ஏறுது. என்ன வேகம்டா, இந்த வயசுல! உங்கம்மா நல்லா மிதிக்கிறாங்க." அவள் குரலில் பெருமை வேறு.

"அண்ணே, கொஞ்சம் அழுத்துங்க."

"இதுக்கு மேல அழுத்துனா கால் ரோட்ல இருக்கும்."

படகுத்துறையில் வேன் நிற்கும் முன்பே ரூட்டு குதித்து ஓடினான். பாதையில் ஏறினான். போனமுறை உட்கார்ந்த கல்லைத் தாண்டினான். உட்காரத் தோன்றவில்லை. சரளைக்கற்கள் காலடியில் உருண்டு பின்னால் போய்க்கொண்டே இருந்தன. அவை எங்கே போய் நிற்கின்றன என்று சத்தம் வரவில்லை. பாதை வளையும் இடத்தில் மூச்சு வாங்க நின்றவன், வாழ்க்கையில் முதல்முறையாகத் திரும்பிக் கீழே பார்த்தான்.

ஏணியைச் சாய்த்து வைத்தால்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அடியில் ஈரம் மின்னும் பலகைத்துறை. அதற்கப்பால் தண்ணீர். நடுவில் வாத்தியாரின் சைக்கிள், புதருக்குள்ளிருந்து ஒற்றைச் சக்கரத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

மேலே மணிச்சத்தம் கேட்டது.

வளைவுக்கு மேலே பாதை சமர்த்தாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சமர்த்தில் இரட்டைச் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ரூட்டு கத்தினான். ஓடிவந்த மூச்சில் குரலுக்குப் பதில் விசில் மாதிரி ஏதோ வந்தது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். அப்பாவின் முகம் மலர்ந்தது. பதிலுக்கு மணியை இன்னும் பலமாக அடித்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் கை ஒன்று நீண்டு டாட்டா காட்டியது.

அவன் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினான். அவர்கள் இன்னும் சந்தோஷமாக மிதித்தார்கள்.

ரூட்டு பாதையின் குறுக்கே படுத்துவிட்டான்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பிரேக் கிறீச்சிட்டது. சரளை முகத்தில் தெறித்தது. ரப்பர் வாசனை அடித்தது. பிறகு அமைதி. ஒரு கண்ணைத் திறந்தால், காதுக்குப் பக்கத்தில் முன்சக்கரம்.

"ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" அம்மாவின் குரல். "உங்க முதுகைத் தவிர எனக்கு ஒண்ணுமே தெரியல."

"உம்புள்ளை படுத்திருக்கான்."

"எங்கே?"

"பாதையில."

"காலையில சாப்பிட்டானா இல்லியான்னு கேளுங்க."

"இறங்குங்கப்பா," என்றான் ரூட்டு, படுத்தபடியே. "இந்தப் பக்கம் நான் ஓட்டினதே இல்ல. கீழேருந்து மேலதான் வந்தேன். அதுவும் தள்ளிக்கிட்டு."

அப்பா சைக்கிளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வளைவு வரை நடந்துபோய் எட்டிப் பார்த்தார். பார்த்தபடி நின்றார். அந்த முதுகை ரூட்டால் படிக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது குறிப்பை எடுத்து ஒருமுறை வாசித்தார். அச்சு மாறவில்லை.

"'சிறு'ன்னு போட்டிருக்கே?"

"கௌரவத்துக்குப் போட்டதுப்பா."

"தெரு முழுக்கக் காட்டினேன்டா இதை. எம்பையன் எழுதினதுன்னு."

திட்டியிருந்தால் தேவலை. எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே கிடந்தான்.

"முதுகு உறுத்தலியாடா? எந்திரி," என்றாள் அம்மா. அப்புறம் திரும்பிப் பார்த்து, "ஏங்க, பாலத்துல நம்மளைப் போட்டோ எடுத்துக் குடுத்த புதுஜோடி வருதுங்க. பாவம், ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே ஓட்டுதுங்க."

உச்சியில் இரண்டு சைக்கிள்கள் தெரிந்தன. அப்பா கையைத் தூக்கி, "நில்லுங்க!" என்று கத்தினார். புதுமாப்பிள்ளை கையசைத்தான். புதுப்பெண் இரண்டு கையையும் விட்டுவிட்டு அசைத்தாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். குறிப்பை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வேட்டைக்குப் போகிறவர்போலச் சட்டைக்கையை மேலே ஏற்றிக்கொண்டார்.

"தள்ளிப் படு," என்றார் ரூட்டிடம்.