சக்கைக்குரு கேட்ட உடம்பு

ஸ்மைலினுக்கு வாய் சும்மா இருக்காது. கண்டக்டரோ வார்டனோ, ஒருதரம் கேட்டால் போதும், அச்சு அசலாக அப்படியே பேசிக் காட்டுவாள். அந்த வாய்தான் எங்கள் நர்சிங் கல்லூரி முதலாமாண்டு முழுவதையும் படிக்க வைத்தது என்றால் நம்ப மாட்டீர்கள். நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது.

உடற்கூறும் உடலியங்கியலும் எடுப்பவர் லீலாபாய் மிஸ். சுவர்ப் படத்தைக் குச்சியால் தொட்டு நடத்தியபோது பாதிப் பேர் தூங்கினோம், மீதிப் பேர் ஃபெயிலானோம். மிஸ் பிரின்சிபாலிடம் மல்லுக்கட்டி, ஆன்லைனில் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். போன் திரையில் ஒரு உடம்பு வயிறு திறந்தபடி நம்மைப் பார்த்து நிற்கும். ஈரல், இரைப்பை, மண்ணீரல் எல்லாம் ஓரமாகக் கிடக்கும். விரலால் இழுத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். சரியாக வைத்தால் உறுப்பு வேலை செய்யத் தொடங்கும், இதயம் துடிக்கும், குடல் நெளியும். தப்பாக வைத்தால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை மிஸ்ஸின் கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். வினை அங்கேதான் இருந்தது.

மிஸ் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், ஸ்மைலின் 'டொய்ங்'கை அழித்துவிட்டு, பிரின்சிபால் செல்வதாஸ் சார் குரலில் பேசிப் பதிந்தாள்:

"ஏலே! மண்டைக்குள்ள மூளையா, சக்கைக்குருவா?"

சார் வராந்தாவில் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி அது. சக்கைக்குரு என்றால் எங்கள் ஊரில் பலாக்கொட்டை. ஹாஸ்டலில் வேண்டுமென்றே இதயத்தை இடுப்பில் வைத்து, கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். மிஸ் வகுப்பில் மட்டும் போனை ஊமையாக்கிவிடுவோம்.

சிரித்து முடிப்பதற்குள் இரண்டு இடி. நாங்கள் பார்த்து வைத்திருந்த பாஸ்வேர்டை மிஸ் மாற்றிவிட்டார், இனிப் பழைய சத்தத்தைத் திரும்ப வைக்க முடியாது. அடுத்து, வெள்ளிக்கிழமை பிரின்சிபால் எங்கள் வகுப்பைப் பார்க்க வருகிறாராம். பெரிய திரை, ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. சாருக்குப் பிடிக்காவிட்டால் விளையாட்டுக்கு மூடுவிழா, மிஸ் மறுபடியும் குச்சியைத் தூக்க வேண்டியதுதான்.

"மிஸ்ஸுட்ட உள்ளதச் சொல்லிரு ஏட்டி," என்றேன் ஸ்மைலினிடம்.

"சொன்னா மிஸ் பின்ன எனக்க மொகத்துல முழிப்பாவளா ஜாஸ்மி? ஒருத்தரும் தப்பு விடாம இருந்தா போரும். தப்பு விட்டாத்தானே சத்தம் வரும்?"

பரீட்சைக்கே படிக்காத கூட்டம் பயத்தில் படித்தது. சாப்பாட்டு மேசையில்கூடக் கணையம்தான் பேச்சு. இடம் வலம் மட்டும் எல்லாருக்கும் உதைத்தது. நம்மைப் பார்த்து நிற்கிற உடம்பின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாயிற்றே.

அதற்கு வழி கண்டது நான்தான். எங்கள் சபை ஆலயத்தில் பெஞ்சில் இருப்பவர்களுக்கு வலப்பக்கம் பெண்கள், இடப்பக்கம் ஆண்கள். ஈரல் பெண்கள் பக்கம், மண்ணீரல் ஆண்கள் பக்கம். "ஆனா நீ பெஞ்சுல இருக்குத ஆளு இல்ல மக்கா, பீடத்துல நின்னு சபையப் பாக்குத போதகரு," என்று சொல்லிக் கொடுத்தேன். ஆலயத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருந்த லட்சுமிப்ரியாவுக்குக்கூட அது பிடிபட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராகப் போய் வைத்தார்கள். ஒரு தப்பு இல்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வந்த சார், மண்ணீரல் போய்ச் சேர்ந்தபோது சிரித்தேவிட்டார்.

"இடம் வலம் எப்பிடி இப்பிடி மாறாம வைக்கிய?"

பெருமையில் என் வாய் திறந்துகொண்டது. ஆலயக் கதையை அவிழ்த்துவிட்டேன். சாரும் எங்கள் சபைதான், பிறந்ததிலிருந்து முன்பெஞ்சு.

"இவ்வளவுதானா? தள்ளு பாப்போம்." சார் திரைக்கு வந்து ஈரலைப் பிடித்தார். முன்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் பெண்கள் பக்கம் எதுவோ, அந்தப் பக்கமாக இழுத்தார்.

"சார், போதகரு நிக்குத எடத்துல..." என்று நான் தொடங்குவதற்குள் விரலை எடுத்துவிட்டார்.

"ஏலே! மண்டைக்குள்ள மூளையா, சக்கைக்குருவா?"

ஸ்பீக்கர் சுவரெல்லாம் அதிர முழங்கியது. ஸ்மைலின் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, மிஸ் பட்ட பாடெல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

சார் மெல்லத் திரும்பினார். "ஆருக்க சத்தம் இது?"



"அது ஆன்லைன்ல உள்ளது சார்," என்றார் மிஸ், கண் இமைக்காமல்.

"நல்ல மனுசன்! நானும் இதத்தானே நித்தமும் கேக்குதேன், ஒரு பய மதிக்க மாட்டான்." சார் ஈரலைப் பணிவாக எடுத்து மறுபக்கம் வைத்தார். "விளையாட்டு இருக்கட்டும் மிஸ். இந்த ஆள மட்டும் மாத்திராதீங்க. இவரு கேட்டாத்தான் பிள்ளைய படிக்கும்."

அவர் போனதும் ஸ்மைலின் அழுதுகொண்டே மிஸ்ஸிடம் ஓடினாள். "மிஸ், அந்தச் சத்தம்... நான்..."

மிஸ் லேப்டாப்பை மூடினார். "அடுத்த வாரம் மூளை எடுக்கேன். அதுக்கும் ஒண்ணு பேசிக் குடு. சார் சத்தம் இன்னும் கொஞ்சம் கனம். இதுல உனக்கு மூக்கடைச்ச மாதிரி இருக்கு."

ஸ்மைலின் அழுகையை மறந்து வாயைப் பிளந்தாள். "மிஸ்ஸுக்கு முன்னமே தெரியுமா?"

"பின்ன? நீ பயந்து அதை அழிச்சிரக் கூடாதுன்னுதானே பாஸ்வேர்டையே மாத்துனேன்."