மருதை என்கிற ஆண்டி

துறையூர்ப் பக்கத்து ஆட்களில் ஒருத்தருக்கு ஒரே பெயர் இருந்தால் அதிசயம். ரேஷன் கார்டில் ஒன்று இருக்கும், பெற்றவள் கூப்பிட இன்னொன்று. போலீஸ்காரர்களோ இரண்டையும் சேர்த்து, நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு 'எ' போட்டு எழுதுவார்கள். காளியாயி கொண்டுவந்த சீட்டிலும் அப்படித்தான் இருந்தது: மருதை (எ) ஆண்டி, அதாவது மருதை என்கிற ஆண்டி.

"எங்க வூட்டுக்காரரு தாயி. காலைல காவேரிப் பாலத்துல லாரி இடிச்சிருச்சாம். காலுல ஆப்பரேசன் பண்ணணும், நாலு மணிக்குள்ள போயி கைநாட்டு வையின்னு ஏட்டய்யா அனுப்புனாரு."

விசாரணை கவுன்டரில் இருந்த லூர்துராணி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அட்மிஷன் லெட்ஜரை அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் 'இருக்கு' என்று சொன்னால்தான் உள்ளே போக பாஸ். முழுப்பெயரும் அப்படியே பொருந்த வேண்டும்.

சீட்டில் இருந்தபடியே தட்டினாள். 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தது.

வெறும் மருதை என்று தட்டினாள், அதே பதில். ஆண்டி என்று தட்டியதற்கும் அதேதான்.

"இல்லையேம்மா."

"இல்லைன்னா?"

"இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க."

சொல்லிவிட்டாளே தவிர, லூர்துராணிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. காலையில் இதே அடைப்புக்குறியைக் கீபோர்டில் தேடித் தேடித் தட்டி ஒரு பெயரை ஏற்றியது நினைவிருக்கிறது. அது இன்றைக்கா, நேற்றா? ஒரு நாளைக்கு நாற்பது பெயர். ஒருவேளை வேறொரு மருதையோ? விபத்து வார்டுக்கு போன் போட்டால் என்கேஜ்டு. பாழாய்ப்போன போன் என்றைக்கு வேண்டிய நேரத்தில் கிடைத்திருக்கிறது!

"இருங்கம்மா, உள்ள கேட்டுட்டு வரேன்."

உள்ளறையில் ஸ்தனிஸ்லாஸ் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். கணக்கில் பி.எஸ்ஸி., எடமலைப்பட்டி புதூர்க்காரர். தேடும் புரோகிராம் அவர் எழுதியது.

"மெஷின் பொய் சொல்லாதும்மா. நீதான் தப்பாத் தட்டியிருப்பே."

"மூணு விதமாத் தட்டிட்டேன் சார். அடைப்புக்குறி போட்டு ஏத்துனதே நான்தான். எனக்குப் பைத்தியமா, உங்க மெஷினுக்கா?"

அவள் குரல் உயர்ந்ததில் மனுஷர் கொஞ்சம் ஆடித்தான் போனார். முனகிக்கொண்டே தன் டெர்மினலில் உட்கார்ந்தார். அவருடைய புரோகிராம் தானாக எதையும் தேடாது. பெயரை வைத்து ஒரு கட்டளை வரி எழுதி, ஷெல் என்கிற இன்னொரு புரோகிராமிடம் கொடுக்கும். வேலையை முடித்துவிட்டு ஷெல் ஒரு எண்ணைத் திருப்பிச் சொல்லும் என்றார். அந்தக் கட்டளையை இப்போது அவரே கையால் தட்டினார்.

திரையில் ஒரு வரி வந்தது. அடைப்புக்குறியைக் கண்டதும் ஷெல் குழம்பிப்போய், 'இந்தக் கட்டளையே எனக்குப் புரியவில்லை' என்று இங்கிலீஷில் கத்தியிருந்தது.

"கவுன்டர்ல இதெல்லாம் வரலியே சார்?"

"வராது. நோயாளியப் பாக்க வர்றவங்க முன்னாடி கண்டதும் திரையில வருதுன்னு மேனேஜர் திட்டுனாரு. எல்லாத்தையும் மறைச்சு வச்சேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

"நம்பராவது வந்திருக்குமே?"

ஸ்தனிஸ்லாஸ் தலையைச் சொறிந்தார். "சைபர் வந்தா ஆள் இருக்கு. ஒண்ணு வந்தா இல்லை. ரெண்டு வந்தா தேடவே முடியலைன்னு அர்த்தம். சைபர் இல்லாட்டி எல்லாமே 'இல்லை'ன்னு நான்தான் எழுதிட்டேன்."

மருதைக்கும் ஆண்டிக்கும் வந்தது ஒன்று. மருதை என்கிற ஆண்டிக்கு வந்தது இரண்டு. லூர்துராணிக்கு மூன்றும் ஒரே 'இல்லை'யாகத்தான் தெரிந்தது.

பெயருக்கு இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போட்டு மறுபடி தட்டினார். விபத்து வார்டு, பதினான்காம் படுக்கை.

லூர்துராணி கவுன்டருக்கு ஓடினாள். காளியாயி இல்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன் தங்கையன், "அந்தம்மாவா? இங்க இல்லைன்னா பெரியாஸ்பத்திரி சவக்கிடங்குலதான் இருப்பாருன்னு அழுதுக்கிட்டே போச்சுங்க" என்றான்.

லூர்துராணி ஆட்டோ பிடித்து அந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். பின்பக்கத்தில், அடையாளம் காட்ட வந்தவர்களின் வரிசையில் காளியாயி நின்றிருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. அவளே அழித்திருந்தாள்.

"அம்மா, அவரு இருக்காரும்மா. உசிரோட இருக்காரு. வாங்க, கைநாட்டு வைக்கணும்."

காளியாயி அவளை வெறித்துப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"மூணு தடவ தட்டிப் பாத்துட்டு இல்லைன்னியே தாயி."

"மெஷினுக்குத் தேடத் தெரியலம்மா. நான் அதை இல்லைன்னு சொல்லிட்டேன்."

"தெரியலைன்னா தெரியலைன்னுல்ல சொல்லணும்?"

லூர்துராணி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். காளியாயி அசையவில்லை.

"இப்ப இருக்காருன்னு சொல்றதும் அந்த மெசினுதானே? இந்தக் கிடங்குக்குள்ள பாத்துட்டுத்தான் வருவேன்."

மணி மூன்றே முக்கால். லூர்துராணி அவள் பக்கத்தில் வரிசையில் நின்றுகொண்டாள். முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.