பச்சையாக நின்ற பாத்தி

நீலகிரி மலையில், எமரால்டு கிராமத்தில் உறைபனியை ஒழிக்க அரசும் ஒரு மருந்துக் கம்பெனியும் கைகோத்திருந்தன. ஆராய்ச்சிச் செலவு ஆளுக்குப் பாதி. பேனரில் யார் முத்திரை பெரிது என்று தீர்க்கவே ஒரு போகம் போய்விட்டது. அதன் பிறகுதான் 'பனிக்கவசம்' என்ற மருந்து சில்வஸ்டரின் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு வந்தது. கூடவே 'முன்னோடி விவசாயி' என்ற பட்டமும். மருந்தைக் கொட்டகையில் வைத்த சில்வஸ்டர், பட்டத்தை மட்டும் சர்ச்சுக்கும் டீக்கடைக்கும் கொண்டுபோனார்.

திட்ட விஞ்ஞானி தினகரன் இரண்டு பாத்திகளைக் குறித்துத் தன் கையாலேயே போர்டு நட்டார். ஒன்றுக்கு மருந்து உண்டு, தண்ணீர் கூடாது. மற்றதற்கு இரண்டுமே கூடாது.

"அப்ப அது என்னாகுமுங்க?" என்று கேட்டாள் சில்வஸ்டரின் மனைவி ஆன்சி.

"கருகும்மா. அது கருகினாத்தானே மருந்தோட அருமை தெரியும்?"

பனிக்காலத்தில் இங்கே வெயில் ஏறுமுன் மோட்டாரைப் போட்டு, செடிமேல் படிந்த வெள்ளையைத் தண்ணீரடித்துக் கழுவிவிடுவார்கள். கழுவாத செடி வெயில் பட்டதும் வெந்த கீரையாகத் தொங்கிவிடும்.

மேலதிகாரிகள் பார்வையிட வந்த காலையில், மருந்தடித்த பாத்தி கருகிக் கிடந்தது. ஒன்றுமே அடிக்காத பாத்தி பச்சைப்பசேலென்று நின்றது. அந்தக் குளிரிலும் தினகரனுக்கு வேர்த்தது. சில்வஸ்டர் மனைவியைப் பார்த்தார்.

"நாந்தேன் தண்ணி உட்டேன்" என்று முணுமுணுத்தாள். "எல்லாத்துக்கும் தெளிச்சுட்டு அத மட்டும் அநாதையா உட மனசு வருலீங்க. மருந்தடிச்சதத் தொடலை. அதைப் பாத்துக்கத்தான் கவுருமெண்டு இருக்குதேன்னு உட்டுட்டேன்."

கம்பெனி மேலாளர் கிருத்திக் மட்டும் கலங்கவில்லை. "சார், லேபர் போர்டை மாத்தி நட்டிருக்காங்க" என்றான்.

தினகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பாத்திகளையும் ஆழ்ந்து நோக்கினார். "இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் ஆராய்ச்சி. போர்டுகள் இடம் மாறின.

"ஏனுங்க, சொல்லீருங்க" என்றாள் ஆன்சி.

சொல்லத்தான் வாயெடுத்தார் சில்வஸ்டர். அதற்குள் தோளில் சால்வை விழுந்தது, முகத்துக்கு நேரே மைக் வந்தது. சால்வை நல்ல கதகதப்பாக வேறு இருந்தது. "இனி யாரும் விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு மோட்டார் போட வேண்டியதில்லீங்க" என்று தன் குரல் ஒலிபெருக்கியில் வருவதை அவரே கேட்டார்.

முதலில் கைதட்டியது பக்கத்துத் தோட்டத்து மாரியாயி. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று உருளை போட்டிருப்பவள். தண்ணீர்க்குழாயைப் பிடித்துப் பிடித்து அவள் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. அன்றைக்கே ஊர் முழுக்க மருந்து இலவசமாகக் கொடுக்கப்பட்டது.

அடுத்த வாரம் வானம் துடைத்துவிட்டதுபோல் வெளுத்தது. பனி கொட்டியது. விடியலில் சில்வஸ்டர் கண்விழித்தபோது பள்ளத்தாக்கிலேயே ஒரே ஒரு மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவருடையது.

கைக்குக் கிடைத்த சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினார். ஊரே வெள்ளை. மேல் பாத்தியில் ஆன்சி குழாயோடு நின்றாள்.

"நிறுத்து புள்ள! ஊருக்கே கேக்குது!"

"கேக்கட்டும்னுதான் போட்டிருக்கறேன்."

கேட்டுவிட்டது. கீழே வேலிக்கு அந்தப் பக்கம் மாரியாயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். சில்வஸ்டர் அவளிடம் இறங்கிப் போனார்.

"ஏனுங்க, உங்கூட்டு மோட்டார் ஓடுது? நானும் போட்டறட்டுங்களா?"

வெயில் எதிர்மேட்டின் உச்சியை மட்டும் தொட்டிருந்தது. இன்னும் நேரமிருந்தது. 'போடுங்க' என்றால் போதும். ஆனால் சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

"பைப்புல அடைப்புங்க, கழுவறோம்" என்றார் சில்வஸ்டர். "நீங்க போய்ப் படுங்க. அதுதேன் மருந்தடிச்சாச்சுல்ல."

"அதானே. வயித்துல புளியக் கரைச்சுட்டீங்களே" என்று சிரித்தபடி அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா ஏன் மோட்டார் போடாமப் போறாங்க? என்ன சொன்னீங்க?" ஆன்சி மேலிருந்து கத்தினாள்.

சில்வஸ்டர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவள் குழாயை இழுத்துக்கொண்டு, செடிகளை மிதித்தபடி இறங்கி வந்தாள். "மாரியாயக்கா! அக்கோவ்!" என்று கூவிக்கொண்டே, குழாய் வாயை விரலால் அமுக்கி வேலிக்கு மேலாகப் பீய்ச்சினாள். தண்ணீர் முதல் இரண்டு வரிசைக்குத்தான் எட்டியது. எதிர்மேட்டு வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.