மாஸ்டர் நோட்டு

மாஸ்டருக்கு அகராதி என்றாலே இளக்காரம். பதினோரு வருஷமாக மாலை வகுப்பு நடத்துகிறவருக்கு அது எதற்கு? பார்க்க ஒன்றுபோல் இருக்கும் ஆங்கிலச் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதி, எதிரே அர்த்தமும் போட்டுத் தானே ஒரு நோட்டு வைத்திருந்தார். குமாஸ்தா தேர்வு எழுதுகிறவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து உருப்போடுவார்கள்.

அந்த நோட்டில்தான் ஒருத்தி கை வைத்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். மாஸ்டரைவிட நாலு வயது மூத்தவள், வகுப்புக்கே அக்கா. தேறினால் நீராவியை விட்டு மேஜைக்கு வரலாம். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. 'அஃபிஷியஸ்' என்றால் கடமை தவறாதவர் என்று நோட்டு சொல்கிறது, அகராதியில் வேறு மாதிரி இருக்கிறதே என்று மெதுவாகத்தான் கேட்டாள். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. 'அஃபிஷியல்' என்பதோடு கூடப் பிறந்த சொல் வேறெப்படி இருக்கும், துணி மடிக்கிற கைக்கு அகராதி ஒரு கேடா என்று வகுப்பையே சிரிக்க வைத்தார். நோட்டில் உள்ளதை ஐம்பது தடவை எழுதச் சொன்னார். மறுநாள் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை, ஏதோ உறுத்த, மகளுடைய அகராதியைப் புரட்டினார். கேட்காமலே அடுத்தவர் காரியத்தில் புகுந்து அதிகாரம் பண்ணுகிறவர் என்று போட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். காது மடல் சுட்டது. பதினோரு வருஷத்து மாணவர்களை நினைக்கவே அவமானமாக இருந்தது.

சொல்லிவிடுவது என்று நேரே லாண்டரிக்குப் போனார். அவளோடு நாலைந்து பேர் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பதறாமல் எழுதச் சொன்னார். பேனா இரண்டாக எடுத்துப் போகச் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல வந்தீர்களா என்று அவளே கேட்டாள். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டார். ஒரே ஒரு மார்க், அந்தக் கேள்வி வராமலும் போகலாம் என்று வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கேள்வி வந்தது. அதன்பிறகு இரண்டு மாதம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேர்வு எழுதிய ஏழு பேருக்கு நேர்முகத் தேர்வுக்காக வகுப்பு நடந்தது. அவர் நுழையும்போதெல்லாம் ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். முடிவு வந்த அன்று, தேறிவிட்டதாக அக்கா சொன்னதும் மாஸ்டரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நோட்டில் இருந்தது தப்பு, தனக்கு அது தேர்வுக்கு முந்தின நாளே தெரியும், வாய் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார்" என்றாள் அக்கா. "லாண்டரிக்கு வந்து நின்னப்பவே உங்க மூஞ்சி சொல்லிடுச்சு. நீங்க வாய் திறக்கலேன்னதும் சாயங்காலம் நானே இவங்க எல்லார் வீட்டுக்கும் போய்ச் சரியான அர்த்தத்தைச் சொல்லிட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கலக்கா?"

"எதுக்கு சார்? நீங்க வருத்தப்படுவீங்க, யாரும் காட்டிக்காதீங்கன்னு இவங்ககிட்டயும் சொல்லி வெச்சேன்."

அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மாஸ்டருக்கு. ஏழு பேரும் அவர் உட்காரட்டும் என்று இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.